ரேகை வைக்க மறுத்ததற்குத் துப்பாக்கிச் சூடு: பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது? தேனி மாணவர்களை அது இன்றும் தொடர்வது ஏன்?

கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் பிரமலைக் கள்ளர் வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது ஒரு கேள்வி வந்துகொண்டிருந்தது: "சான்றிதழ் டி.என்.சி.யா, டி.என்.டி.யா?" சமூகம் ஒன்றுதான். ஆனால் மாநில அரசுக்கு ஒரு பெயர், மத்திய அரசுக்கு இன்னொரு பெயர் என்று இருந்தது. ஏன் இந்தக் குழப்பம்? இதற்கான விடை நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சட்டத்தில் இருக்கிறது.

அது என்ன 'ரேகைச் சட்டம்'?

குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் தென் மாவட்ட மக்கள் அப்படிச் சொல்வார்கள். 1871-ல் முதலில் வட இந்தியாவில் வந்த இந்தச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் திருடினாரா இல்லையா என்று இந்தச் சட்டம் பார்க்காது. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்று மட்டும்தான் பார்க்கும்.

பட்டியலில் வந்த சமூகத்து ஆண்கள் பெயரைப் பதிந்து விரல் ரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். இந்த அறிவிப்பு செல்லாது என்று நீதிமன்றத்தில் கேட்கவும் வழியில்லை. அதற்குச் சட்டத்திலேயே தடை இருந்தது.

அரசுக்கு இவர்கள் மேல் என்ன கோபம்?

பிரமலைக் கள்ளர்கள் தனி நாடு கேட்டுப் போராடவில்லை. ஆனால் உசிலம்பட்டி வட்டாரத்தில் 'எட்டு நாடு, 24 உபகிராமம்' என்று அவர்களுக்குச் சொந்த நிர்வாக முறை இருந்தது. வழக்கு வம்புகளை நாட்டுக் கூட்டமே பேசி முடிக்கும். சுற்று வட்டார ஊர்களுக்குக் காவல் காத்து அதற்குக் கூலி வாங்குவதும் வழக்கம்.

காவலும் நீதியும் தன் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று நினைத்த ஆங்கிலேய அரசுக்கு இது ஒத்துவரவில்லை. காவல் என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள், களவு செய்கிறார்கள் என்பது அரசின் வாதம். அப்படிச் செய்த ஆட்கள் இருந்தால் பிடித்துத் தண்டிக்க ஏற்கெனவே தண்டனைச் சட்டம் இருந்ததே? அதை விட்டுவிட்டு, சமூகத்தையே குற்றவாளி என்று முத்திரை குத்தினார்கள். 1914-ல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் இந்தச் சட்டத்துக்குள் வந்தது.

1920 ஏப்ரல் 3-ல் என்ன நடந்தது?

கடமலைக்குண்டிலிருந்து பார்த்தால் ஆண்டிபட்டி மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சேடபட்டி அருகே இருக்கிறது பெருங்காமநல்லூர். ரேகை எடுக்க வந்த போலீஸிடம், "நாங்க குற்றம் செய்யல, ரேகை வைக்க மாட்டோம்" என்பதுதான் ஊர்க்காரர்களின் நிலை. பேச்சு முற்றியது. போலீஸ் சுட்டது.

மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் அவர் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உடல்களை உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அதனால்தான் இதைத் 'தென்னகத்தின் ஜாலியன்வாலாபாக்' என்கிறார்கள். இன்றும் ஏப்ரல் 3-ல் அங்குள்ள நினைவுத்தூணில் மக்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

சட்டம் எப்படிப் போனது?

மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். கேரளத்தில் பிறந்த அவரை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் இந்தச் சட்டத்துக்கு எதிராகத் தொடர்ந்து போராடினார். 1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுவதும் சட்டம் ரத்தானது. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்தான் 'சீர்மரபினர்'.

அப்போ பிரச்சினை முடிந்துவிட்டதா?

இல்லை. பழைய சட்டம் போனதும் பல மாநிலங்களில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. இதை ரத்து செய்யும்படி 2007-ல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு இந்தியாவைக் கேட்டுக்கொண்டது. சிறைகளில் சாதி பார்த்து வேலை ஒதுக்கும் விதிகளை 2024 அக்டோபரில் ரத்து செய்த உச்ச நீதிமன்றமும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் போக்கைக் கண்டித்தது.

இன்னொரு பக்கம் சான்றிதழ். சீர்மரபினர் பழங்குடியினர் (டி.என்.டி.) என்றிருந்ததை, 1979-ல் தமிழக அரசு சீர்மரபினர் வகுப்பினர் (டி.என்.சி.) என்று மாற்றியது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2019-ல், மாநிலச் சலுகைகளுக்கு டி.என்.சி., மத்திய அரசின் நலத்திட்டங்களுக்கு டி.என்.டி. என இரட்டை முறை வந்தது. "எல்லாவற்றுக்கும் டி.என்.டி. என்று ஒரே சான்றிதழ் போதும்" என்பது சீர்மரபினர் அமைப்புகளின் கோரிக்கையாக இருந்தது.

மத்திய அரசின் 'சீட்' திட்டம் 2022-ல் தொடங்கியது. போட்டித் தேர்வுப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வீடு போன்ற உதவிகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 200 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டது. இதைக் கேட்டு விண்ணப்பிக்கிற மாணவர், தான் சீர்மரபினர் என்று காட்ட வேண்டும். அன்று அரசு வற்புறுத்திக் குத்திய முத்திரை அது. இன்று அதைத் தாங்கிய குடும்பத்துப் பிள்ளைகள், உரிய உதவிக்காக அதே அடையாளத்துக்கான காகிதத்தை அலுவலகம் அலுவலகமாகத் தேடி அலைகிறார்கள்.