திருவடி காட்டும் வாழ்க்கை நெறி

திருக்கோயிலுக்கு வருவோர் முதலில் செய்வது காலணியைக் கழற்றி வைத்துக் கால் கழுவுவதே. நிறைவாகச் செய்வது கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குவது. வழிபாடு இவ்வாறு பாதத்தில் தொடங்கிப் பாதத்திலேயே நிறைவு பெறுகின்றது. முதலாவது வணங்க வந்தவரின் பாதம். பின்னது வணங்கப்படும் இறைவனின் பாதம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொடர்பை உணர்ந்து வழிபடுவோர்க்கு ஒவ்வொரு கோயில் வருகையும் ஒரு பாடமாக அமையும்.

அடி என்னும் சொல்

பாதத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. அடி, தாள், கால், கழல், பதம், சரணம் என்பன அவற்றுள் சில. கழல் என்பது வீரர் காலில் அணியும் அணி. பின்னர் அவ்வணியை அணிந்த காலுக்கே பெயராயிற்று. 'அடி' என்னும் சொல்லோ மிகவும் பொருள் விரிவுடையது. மரத்தின் வேர்ப்பகுதியும் அடி; மலையின் கீழிடமும் அடி; செய்யுளின் வரியும் அடி; நீளத்தை அளக்கும் அளவும் அடி. எதற்கும் ஆதாரமாய் அமைவது எதுவோ அதுவே அடி என்பது தமிழர் கண்ட பொருள்.

இறைவனுக்குத் தொண்டு பூண்டோரை 'அடியார்' என்று வழங்குகிறோம். பெருமைக்குரிய துறவியரை 'அடிகள்' என்கிறோம். உயர்ந்தோரைச் சுட்டுதற்குத் தலையைக் குறிக்கும் சொல்லை நாடாமல், பாதத்தைக் குறிக்கும் சொல்லையே இவ்விடங்களில் தமிழ் தேர்ந்தெடுத்தது. திருக்குறளின் முதல் அதிகாரமாகிய கடவுள் வாழ்த்தில் அமைந்த 10 குறட்பாக்களுள் 7 குறட்பாக்கள் இறைவனின் அடியையோ தாளையோ கூறுகின்றன. இறைவனின் உருவத்தையோ பெயரையோ விரித்துரையாத வள்ளுவர், திருவடியை மட்டும் மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறார்.

இதற்குக் காரணம் எளிது. முகத்தை நோக்கி நிற்பவர் எதிரே நிற்கிறார். அடியை நோக்கி நிற்பவரோ பணிந்து நிற்கிறார். மனிதனிடத்தில் மிக உயர்ந்து நிற்பது தலை. 'நான்' என்னும் செருக்கு குடிகொள்ளும் இடமும் அதுவே. அத்தலை திருவடியில் படியும்போது செருக்கு நிற்க இடமின்றிப் போகின்றது.

ஊன்றிய திருவடியும் எடுத்த திருவடியும்

தில்லைக் கூத்தப்பெருமானின் திருவுருவில் ஒரு திருவடி முயலகன்மேல் ஊன்றியிருக்க, மற்றொன்று தூக்கி நிற்பதை அன்பர்கள் கண்டிருப்பர். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்று உண்மை விளக்கம். திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய இந்நூல் அத்திருவுருவின் பொருளைத் தெளிவுறக் கூறுகின்றது. துடி ஏந்திய கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், எடுத்த திருவடி அருளலையும் குறிக்கும்.

ஐந்தொழில்களுள் மூன்று திருக்கைகளுக்கு உரியன. எஞ்சிய இரண்டும் திருவடிகளுக்கு உரியன. உயிர் பக்குவம் அடையும் வரை இறைவன் தன்னை மறைத்து நின்று, வினைகளை நுகரச் செய்கிறான். பக்குவம் வந்தபின் அருள்கிறான். மறைத்தலும் அருளின் ஒரு வகையே என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு.

நடை பழகும் குழந்தையின் கையைத் தாய் ஒரு கணம் விட்டுவிட்டு, நான்கடி பின்னே தள்ளி நிற்கிறாள். குழந்தை தள்ளாடுகிறது, அழுகிறது, தாய் தன்னைக் கைவிட்டாள் என்று எண்ணுகிறது. ஆயினும் அவள் விலகி நிற்பது அதன் கால்கள் உறுதி பெறுதற்கே. விழுமுன் தாங்குதற்கு அவள் கைகள் நீண்டே இருக்கின்றன. துன்பக் காலத்தில் 'இறைவன் எங்கே?' என்று வருந்துவோர் ஊன்றிய திருவடியை நினைத்தல் வேண்டும். ஒன்று ஊன்றினாலன்றி மற்றொன்றைத் தூக்குதல் இயலாது.

மிதிக்க அஞ்சிய பாதங்கள்

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் பாதம் பற்றிய நிகழ்ச்சிகள் பல உள்ளன. காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதித்தல் தகாது எனக் கருதித் தலையால் நடந்து சென்றார். இறைவன் வேண்டுவன கேள் என்றபோது, அவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருக்கும் வரத்தையும் வேண்டிப் பெற்றார். திருவாலங்காட்டில் அப்பேறு அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் திருஞானசம்பந்தர் அங்கு வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த ஊரைத் தம் காலால் மிதிக்க அஞ்சினார்.

சுந்தரரும் அவ்வாறே திருவதிகையை அடைந்தபோது, திருநாவுக்கரசர் உழவாரப்பணி செய்த மண் அது என்று கருதி ஊருக்குள் புகாமல், புறத்தே இருந்த சித்தவட மடத்தில் தங்கினார். இரவில் அடியார்களோடு அவர் துயிலும்போது, முதியவர் ஒருவர் வந்து படுத்துத் தம் பாதத்தைச் சுந்தரரின் தலைமேல் வைத்தார். விழித்த சுந்தரர் காரணம் கேட்க, முதுமையினால் திசை அறியவில்லை என்றார் அவர். சுந்தரர் வேறு பக்கம் தலைவைத்துப் படுத்தார். அங்கும் அப்பாதம் வந்தது. பலமுறை இவ்வாறு நிகழவே, "நீர் யார்?" என்று சுந்தரர் வினவினார். "என்னை நீ அறியவில்லையோ?" என்னும் பொருள்படக் கூறி முதியவர் மறைந்தார். வந்தவர் திருவதிகைப் பெருமானே என்று அப்போதுதான் சுந்தரர் உணர்ந்தார்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. மறைந்த ஒரு பெரியவர் நடந்த மண்ணைக்கூட மிதிக்க அஞ்சிய பணிவு சுந்தரருடையது. அத்தகையவர்க்கும், அருகே படுத்திருந்த முதியவரின் கால் தலையில் பட்டபோது அது யாருடைய கால் என்று விளங்கவில்லை. தொலைவில் உள்ள பெருமையைப் போற்றுதல் எளிது. அருகில் உள்ள முதுமையில் இறைமையைக் காணுதல் அரிது.

இல்லந்தோறும் ஒரு சித்தவட மடம் உண்டு. அங்கே திசை தடுமாறும் முதியவர் ஒருவர் இருப்பார். இரவில் எழுந்து நடக்கையில் அவர் கால் பிறர்மேல் படும்; கேட்ட கேள்வியையே அவர் மீண்டும் கேட்பார். அப்போது எழும் சினத்தை அடக்கி, அவர் பாதத்தை மெல்ல எடுத்து நேராக வைப்பவர், சுந்தரர் தேடிப் பெற்ற பேற்றை வீட்டிலேயே பெறுகிறார்.

சடாரியும் பாதுகையும்

பெருமாள் கோயில்களில் அன்பர்களின் தலையில் சடாரி சாத்தப்படுகின்றது. கிரீடம்போலத் தோன்றும் அதன்மேல் திருமாலின் திருவடிகள் அமைந்துள்ளன. சடகோபர் எனப்படும் நம்மாழ்வாரே அத்திருவடியாக விளங்குகிறார் என்பது வைணவ மரபு. ஏழை, செல்வர் என்னும் வேறுபாடின்றி அது எல்லார் தலையிலும் ஒரு கணம் வைத்து எடுக்கப்படும். மணிமுடி தரித்தவரும் அதன்கீழ்த் தலைகுனிந்தே நிற்றல் வேண்டும்.

திருவடியைத் தாங்கும் பாதுகைக்கும் பெருஞ்சிறப்பு உண்டு. திருவரங்கநாதரின் பாதுகைகளைப் போற்றி வேதாந்த தேசிகர் பாதுகா சகச்ரம் என்னும் வடமொழி நூலை 1008 பாடல்களில் அருளினார். இராமபிரானின் பாதுகைகளைப் பெற்ற பரதன், அவற்றை முன்னிறுத்தி நந்தியம்பதியில் தங்கி 14 ஆண்டுகள் நாட்டைக் காத்தான். அரியணை தனக்கு உரியதன்று என்பதை ஒரு நாளும் அவன் மறந்தானல்லன். பதவியும் பொருளும் பெற்றோர் அவற்றைப் பிறர் பொருட்டுக் காக்கும் பொறுப்பாகவே கருதுதல் வேண்டும் என்பது பாதுகை கற்பிக்கும் பாடம்.

தடுக்கப்பட்ட பாதங்கள்

திருவடியைப் பேசும்போது, திருவடியை நாடி வந்தும் வாயிலில் தடுக்கப்பட்ட பாதங்களை மறத்தல் ஆகாது. ஆதனூரில் தோன்றிய திருநாளைப்போவார், கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்தார். அவர் அளித்தவை கோயிலுக்குள் சென்றன. அவர் கால் செல்ல இயலவில்லை. திருப்புன்கூரில் வெளியே நின்று வணங்கிய அவருக்காக இறைவன் நந்தியையே விலகச் செய்தான். இன்றும் அங்கே நந்தி விலகியிருப்பதைக் காணலாம். அவர் தில்லை எல்லையையே நெடுநேரம் வலம் வந்து வருந்தினார் என்கிறது புராணம்.

அந்தத் தடை பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1939 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். 1947 இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் இயற்றப்பட்டது. இறைவன் நந்தியை விலக்கியும், மனிதர் தம் மனத்தை விலக்கிக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று. தரிசன வரிசையில் தம் முன்னும் பின்னும் நிற்பவரின் பாதமும் அதே திருவடியை நாடி வந்தது என்று எண்ணுவோரே உண்மையில் நுழைந்தவர் ஆவர்.

அன்பர்களின் பாதங்கள்

இறைவனின் திருவடியைப் போற்றுவோர் அவன் தந்த பாதங்களையும் பேணுதல் கடமை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. உடலின் எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இரு பாதங்களிலேயே அமைந்துள்ளது. உடலின் முழுப் பாரத்தையும் அவை முறையிடாமல் சுமக்கின்றன.

நீரிழிவு நோயுடையோர்க்குப் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். நண்பகலில் சுடும் கருங்கல் தளத்தில் நடந்தால் கொப்புளம் எழுவதுகூட அவர்களுக்குத் தெரியாமற் போகும். அவர்கள் காலையிலோ மாலையிலோ வலம் வருதல் நன்று. விரிப்பு இட்ட வழியிலேயே நடத்தல் வேண்டும். வீடு திரும்பியதும் கால் கழுவி, விரல் இடுக்குகளில் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதோர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். சிறு புண்ணாயினும் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

திருநாவுக்கரசர் கையில் ஏந்திய உழவாரப்படை, திருக்கோயில் திருச்சுற்றுகளில் முளைத்த புல்லையும் முள்ளையும் நீக்கியது. பின்னால் வருவோர் பாதத்தில் முள் தைக்காதிருக்க முன்னால் செல்வோர் செய்யும் பணியே தொண்டு. பிராகாரத்தில் கிடக்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்து அப்புறப்படுத்துபவரும் அத்தொண்டில் பங்கு பெறுகிறார்.

அடிப்பிரதட்சிணம் செய்வோர் ஓர் அடியின் நுனியில் மற்றோர் அடியை ஒட்டி வைத்து நகர்வர். விரைவு அங்கே இல்லை. வைத்த அடி ஒவ்வொன்றும் வழிபாடாகின்றது. வாழ்க்கையும் அவ்வாறே அடியடியாகக் கடக்கப்படுவது. எடுத்து வைக்கும் அடி பிறரை மிதியாமலும், நல்வழியினின்று வழுவாமலும் இருக்குமாயின், அது சென்று சேரும் இடம் இறைவன் திருவடியே ஆகும்.

திருவடி போற்றி! திருச்சிற்றம்பலம்.