சாயத் தொழிற்சாலையும் சிறுநீர்ப்பையும்

ஜேர்மனியிலே பிராங்போர்ட் நகரில் லூட்விக் றேன் என்னும் சத்திரவைத்தியர் ஒருவர் இருந்தார். 1895ஆம் ஆண்டில் அவர் தம் துறையினர் கூடிய சபையொன்றிலே புதுமையான செய்தியொன்றை எடுத்துரைத்தார். மஜெந்தா என்னும் செஞ்சாயம் உற்பத்தியாகும் தொழிற்சாலையில் வேலைசெய்த 45 பேருள் மூவருக்குச் சிறுநீர்ப்பையிலே கட்டி வளர்ந்திருந்தது. அருமையாகக் காணப்படும் நோய் ஒரே கூரையின்கீழ் மூவரைப் பற்றியது தற்செயலாகாது என்று கருதிய அவர், அனிலின் ஆவியே காரணம் என்றார். அவர் பிடித்த வழி சரியானதே. குற்றவாளியின் பெயரில் மாத்திரமே பிழை நேர்ந்தது.

உண்மைக் குற்றவாளிகள் அனிலினுக்கு உறவான பீற்றா நப்தைலமைன், பென்சிடீன் என்பவை. 1938இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹியூப்பரும் அவர்தம் துணைவரும் முன்னதை நாய்களுக்கு ஊட்டிக் கட்டிகளை உண்டாக்கிக் காட்டினர். 1954இல் இங்கிலாந்திலே கேஸ் முதலியோர் தொழிலாளரின் பதிவேடுகளை ஆராய்ந்து ஐயத்தைப் பெரிதும் நீக்கினர்.

இத்துணைக் காலம் சென்றமைக்கு நோயின் இயல்பும் ஒரு காரணம். நஞ்சு உடலிற் புகுந்து 15, 20 ஆண்டுகள், சிலவேளை அதற்கும் மேலாகச் சென்ற பின்னரே கட்டி வெளிப்படும். வேலையை விட்டுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் முதியவரின் நோய்க்கு, இளமையிற் சுவாசித்த சாயத்தூளை யார் நினைப்பார்?

சுவாசித்த நஞ்சு சிறுநீர்ப்பையைத் தாக்குவது எங்ஙனம்? குருதியிற் கலந்த நஞ்சை ஈரல் மாற்றியமைக்கும். சிறுநீரகங்கள் வடித்து வெளியேற்றும். வடித்த நீர் மணிக்கணக்காகத் தங்குமிடம் சிறுநீர்ப்பையே. ஆதலால் அதன் உட்தோல் நஞ்சிலே ஊறுகின்றது.

சாயத் தொழிற்சாலையைக் கண்ணாலுங் காணாதவர்க்கும் இக்கதை உரியது. அதே பீற்றா நப்தைலமைன் சிகரெட்டுப் புகையிலும் உண்டு. புகைப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறக்குறைய மும்மடங்காகும். புகைத்தலைக் கைவிட்டால் அபாயம் குறையும். ஆயினும் உடனே அற்றுப்போகாது.

எகிப்திலோ கதை வேறு. நைல் நதிக் கால்வாய்களில் இறங்கும் உழவரின் தோலைத் துளைத்து நுண்புழுவொன்று புகும். அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரிலே தங்கி, ஆண்டுக்கணக்காக அழற்சி விளைத்துப் புற்றுநோய்க்கு வழிகோலும்.

காரணம் எதுவாயினும் முதல் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே. வலி சிறிதுமின்றிச் சிறுநீரில் இரத்தம் தோன்றும். மறுநாளே நின்றும் விடும். பின் வாரக்கணக்காக ஒன்றும் தெரியாது. நின்றதே சுகமென்றெண்ணிப் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். கல்லாலும் கிருமியாலும் அவ்வாறு இரத்தம் வருவதுண்டு. எதனால் வந்ததென்பதை வைத்தியர் சிறுநீரைச் சோதித்தும், விளக்குப் பொருத்திய நுண்குழாயைச் செலுத்திச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்த்துமே தெளிவர்.