நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறீர்களா? படகிலிருந்து கணக்குப் போடுங்கள்

கோப்பெங்: வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் வட்டாரத்தில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, திருச்சியில் இறங்கி ஊருக்கும் கோயில்களுக்கும் போய் வருவது. மற்றொன்று, பாலி, பேங்காக், ஹாட் யாய். இந்த இரண்டிலும் சேராத ஓர் இடத்தைப் பற்றி இப்போது இளைஞர்கள் சிலர் விசாரிக்கிறார்கள். இலங்கையின் வட கோடியில், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் தனித்துக் கிடக்கும் நெடுந்தீவு. யாரும் வளர்க்காத, யாரும் கட்டிப் போடாத குதிரைகள் கூட்டங்கூட்டமாய் மேயும் தீவு. படகோட்டி முதல் கடைக்காரர் வரை எல்லாரும் தமிழ் பேசும் தீவு.

இணையத்தில் தெரியும் படங்களைப் பார்த்தால் சுலபமான பயணம் போலத்தான் இருக்கும். கொழும்புக்கு விமானம் மூன்றரை மணி நேரம், பிறகென்ன என்று தோன்றும். ஆனால் இந்தப் பயணத்தில் மிகக் கடினமான பகுதி கடைசி ஒரு மணி நேரம்தான். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு. நம்மவர்கள் வழக்கமாக மலிவு விமானச் சீட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு யோசிப்பார்கள். நெடுந்தீவுக்கு அது சரிப்படாது. படகில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் தீவைப் பற்றிக் கொஞ்சம். டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டு நகரத்தின் பெயரை வைத்து இதை டெல்ஃப்ட் என்று அழைத்தார்கள். விமான, விடுதி இணையத் தளங்களில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பரப்பில் பெரியவற்றுள் ஒன்று. ஆனால் வேறு சில தீவுகளைப் போலச் சாலையால் இணைக்கப்படவில்லை. குதிரைகள் போர்த்துகீசியர் காலத்தில் வந்தவை என்று சொல்லப்படுகிறது. டச்சுக்காரர்கள் இங்கே குதிரை வளர்த்தார்கள், ஆங்கிலேயர்களும் தொடர்ந்தார்கள். பிறகு தேவை போயிற்று, குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன. ஆகவே இவை பிறவியிலேயே காட்டு விலங்குகள் அல்ல. வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுகள், தலைமுறை தலைமுறையாகத் தாமாகவே வாழப் பழகிக்கொண்டவை. 2015 ஜூன் மாதம் இலங்கை அரசு தீவின் ஒரு பகுதியை, ஏறத்தாழ 1,846 ஹெக்டேரை, தேசியப் பூங்காவாக அறிவித்தது.

தேசியப் பூங்கா என்றதும் நம் தாமான் நெகாராவையோ, ஜீப்பில் சிறுத்தை பார்க்கும் யாலாவையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது வெட்டவெளி. காய்ந்த புல், பவளக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள், பனைமரங்கள், ஓரிடத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பருத்த பெருக்கமரம், பழைய கோட்டையின் சிதைவு. அதற்கு நடுவே குதிரைகள். இவ்வளவுதான். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று கேட்பவருக்கு இந்தத் தீவு ஏற்றதல்ல. பினாங்கிலேயே விடுமுறையைக் கழிக்கலாம்.

எப்போது போவது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் நம் நாட்காட்டியும் யாழ்ப்பாணத்து வானமும் மோதுகின்றன. நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஆண்டு இறுதியில். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றும் அலையும் கூடினால் படகு நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கை முழுவதையும் புரட்டிப் போட்டதை மறந்திருக்க மாட்டோம். சரி, ஆண்டின் நடுவே போகலாமென்றால் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கடும் வெயில். தென்மேற்குக் காற்றில் கடலும் அடங்காது. குதிரைகள் குடிக்கும் குட்டைகள் வற்றும் காலமும் அதுதான். வறட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் தண்ணீரின்றி மடிந்த செய்திகள் வந்ததுண்டு.

எஞ்சியிருப்பது ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை. மழை ஓய்ந்து, புல் இன்னும் பசுமையாய், குட்டைகளில் நீர் கிடக்கும் காலம். நம் ஊரில் சீனப் பெருநாள் விடுமுறை பெரும்பாலும் இந்த இடைவெளியில் விழுகிறது. பேராக்கில் தைப்பூசத்துக்கும் விடுமுறை உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று நாள் விடுப்பைச் சேர்த்தால் ஒரு வாரம் தேறும்.

ஒரு வாரம் தேவையா? தேவை. பின்னோக்கிப் பாருங்கள். படகு காலையில் கிளம்பும். அதே நாள் பிற்பகலில் திரும்பும் படகைப் பிடித்தால் தீவில் கிடைப்பது உச்சி வெயில் நேரம் மட்டும். குதிரைகளை நன்றாகப் பார்க்க ஏற்றது அதிகாலையும் மாலையும். எனவே தீவில் ஓர் இரவு தங்குவது நல்லது. சில விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். காலைப் படகைப் பிடிக்க முந்தின இரவு யாழ்ப்பாணத்தில் இருந்தாக வேண்டும். ஏனென்றால் நகரத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் கடலின் நடுவே போட்ட சாலையில் குறிகட்டுவானுக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ரயிலோ பேருந்தோ, ஒரு பகல் அல்லது ஓர் இரவு அதற்கே போய்விடும். இத்தனைக்கும் மேல், படகு ஓடாமல் போனால் ஈடுகட்ட ஒரு நாளைச் சும்மா வைத்திருக்க வேண்டும். அந்த நாளைத் திரும்பும் விமானத்துக்கு முன்னால் வையுங்கள். தீவில் மாட்டிக்கொண்டு கொழும்பு விமானத்தைத் தவறவிடுவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய ஆபத்து. பாம்பும் முதலையும் அல்ல.

கோப்பெங்கிலிருந்து கிளம்புகிறவருக்கு முதல் கட்டம் பழகியதுதான். ஈப்போவிலிருந்து விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு. பத்து காஜாவிலோ கம்பாரிலோ இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் மாறியும் போகலாம். கொழும்புக்குப் பறக்கும் ஏர் ஆசியாவும் ஸ்ரீலங்கனும் கேஎல்ஐஏ-வில் வெவ்வேறு முனையங்களில் இருக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.

தமிழ்நாட்டுப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. திருச்சி நமக்கு வீட்டு வாசல் மாதிரி. ஆனால் யாழ்ப்பாணம் போய்விட்டு மீண்டும் திருச்சிக்கே திரும்புவதென்றால், உங்கள் இந்திய விசா இரண்டாம் முறை நுழைய இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் தொடங்கியது. கடலை நம்பியிருப்பதால் மழைக்காலத்தில் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி ஆவணங்கள். பல குடும்பங்களில் பயணம் உடைவது இங்கேதான் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்கப் பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 60 வயதைத் தாண்டிய மூத்த குடிமக்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி. வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள், சீட்டு வாங்குவதற்கு முன் தாத்தா பாட்டியின் அடையாள அட்டையின் நிறத்தைப் பாருங்கள். நம் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்து, இங்கேயே பால் வெட்டி ஓய்ந்த முதியவர்களில் இன்னும் சிலர் சிவப்பு அட்டையோடுதான் இருக்கிறார்கள். சிவப்பு அட்டை நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டுமே. அதை வைத்து மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. வேறு எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லாத நிரந்தர வசிப்பிடவாசிகளுக்கு அடையாளச் சான்றிதழ் என்ற தனிப் பயண ஆவணம் இருக்கிறது. அதற்குக் குடிநுழைவுத் துறையில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். போகும் நாடு அதை ஏற்குமா என்றும் கேட்க வேண்டும். பேரப்பிள்ளைகள் ஆசையாகச் சீட்டு வாங்கிய பிறகு, “பாட்டி, நீங்கள் மட்டும் வர முடியாது” என்று சொல்லும் நிலை எந்த வீட்டுக்கும் வரக் கூடாது.

இரண்டாவது, பயணத் தடை. வரிப் பாக்கி, திவால் போன்ற காரணங்களால் பெயர் தடைப்பட்டியலில் இருப்பதே தெரியாமல் விமான நிலையம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். குடிநுழைவுத் துறையின் எஸ்எஸ்பிஐ இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது நமக்கே உரிய தலைவலி. கடப்பிதழில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே நிற்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’. விமான நிறுவனங்களின் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. கோட்டை விட்டுவிடலாம், ஆனால் பெயர்களின் வரிசையும் எழுத்துகளும் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். இலங்கைக்கான இணையவழிப் பயண அனுமதியிலும் அப்படியே. ஈடிஏ எனப்படும் அந்த அனுமதிக்கான விதிகள் அடிக்கடி மாறியிருக்கின்றன. 2023 இறுதியில் மலேசியர் உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2024-இல் விண்ணப்ப முறை தனியார் கைக்குப் போய், உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் பழையபடி ஈடிஏ திரும்பியது. எனவே நண்பர் போன வருடம் சொன்னதை நம்பாமல், புறப்படும் மாதத்தில் இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள். அரசுத் தளம் போலவே தோன்றிக் கூடுதல் பணம் கறக்கும் தளங்களும் இருக்கின்றன.

உடல்நலம் பற்றி இரண்டு வரி. இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. டெங்கி உண்டு, நம் ஊர் மாதிரியே. தீவில் சிறிய மருத்துவமனைதான் இருக்கிறது. நிலைமை மோசமானால் நோயாளியும் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். இருதய நோயாளிகளும், ஆடும் படகில் கால் வைத்து ஏற முடியாத முதியவர்களும் யாழ்ப்பாணத்திலேயே தங்கி நல்லூரையும் கோட்டையையும் பார்ப்பது உத்தமம். ஆவணித் திருவிழாக் காலத்தில் மட்டும் நல்லூரைச் சுற்றி அறை கிடைப்பது கஷ்டம்.

குறிகட்டுவானில் நிற்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். அது சுற்றுலாப் படகுத்துறை அல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் போகும் பக்தர்களும் அங்கேதான் ஏறுவார்கள். ஆனித் திருவிழாவின்போது துறை நிரம்பி வழியும். நெடுந்தீவுப் படகு அந்தத் தீவு மக்களின் பேருந்து. ஆசிரியர், தாதி, அரிசி மூட்டை, எரிவாயுத் தோம்பு எல்லாம் அதில்தான் போக வேண்டும். நாம் போகவில்லையென்றால் குதிரை பார்க்காமல் இருப்போம், அவ்வளவுதான். ஆசிரியர் போகவில்லையென்றால் அன்று பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை. அவர்களை முதலில் ஏறவிட்டு, இடமிருந்தால் ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குமுதினி என்ற பெயர் காதில் விழலாம். அந்தப் பெயருள்ள படகில் 1985 மே 15 அன்று, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவில் அதை மறந்தவர் இல்லை. கைத்தொலைபேசியை நீட்டிப் பேட்டி எடுக்க அது நேரமல்ல. அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.

தீவில் தண்ணீர் விலை மதிப்பற்றது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே, மற்றவை உவர்ப்பு. குடிநீரை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு போய், காலிப் போத்தல்களைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். விடுதியில் வாளிக் கணக்கில் குளிக்காதீர்கள். குதிரைகளுக்கு ரொட்டி கொடுப்பது, குட்டியின் பக்கம் போய்ப் படமெடுப்பது, ஏறிப் பார்க்கலாமா என்று கேட்பது எதுவும் வேண்டாம். உள்ளூர் ஆட்டோக்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டால் குதிரைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இது நமக்குப் புதிதா என்ன? கோப்பெங்குக்கு ரஃப்லேசியா பார்க்க வருகிறவர்கள் உலு கெரோவில் செமாய் மக்களின் துணையோடுதானே காட்டுக்குள் போகிறார்கள்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கூடுதல் ஆசை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்தி, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தக் காரணமாயிருந்த தனிநாயகம் அடிகளின் தந்தை நெடுந்தீவுக்காரர். யாழ்ப்பாணத்தில் ‘மலாயன் பென்ஷனியர்’ என்றே ஒரு வகையினர் இருந்தார்கள். இங்கே ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள். நம் தோட்டங்களில் கிராணியாக இருந்தவர்களிலும் அந்த ஊர்க்காரர்கள் உண்டு. தோட்டத்துப் பெரியவர்கள் அவர்களைப் பற்றி நல்லதும் சொல்வார்கள், கெட்டதும் சொல்வார்கள்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் கொஞ்சம் தடுக்கும். நாம் கடப்பிதழ் என்பதை அங்கே கடவுச்சீட்டு என்பார்கள். பேசுவது அங்கே ‘கதைப்பது’. ரொட்டி வேண்டுமென்றால் பாண் என்று கேளுங்கள். பாசார், கம்போங் என்று நாம் நினைக்காமலே கலக்கும் மலாய்ச் சொற்கள் எதுவும் அங்கே செல்லாது. ரொக்கத்தை யாழ்ப்பாணத்திலேயே எடுத்துவிடுங்கள். நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்; இலங்கை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். தீவில் இறங்கியதும் முதல் வேலையாக, மறுநாள் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு அரை மணி நேரம் முன்னதாக அங்கே வந்து நில்லுங்கள்.