சரளைப் பாதையில் அகன்ற டயர்: ஏன்? எப்படி?

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிநீர் வழங்கும் கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி ஆகிய அணைக்கட்டுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகள், அதாவது பெய்யும் மழை வடிந்து நீர்த்தேக்கத்தைச் சேரும் நிலப்பரப்புகள், மண்ணரிப்பும் எண்ணெய்க் கசிவும் நீரைக் கெடுக்காதிருக்கும் பொருட்டுப் பெரும்பாலும் காடாகவே காக்கப்படுகின்றன. ஆகவே வாகன நெரிசலற்ற பாதையை நாடும் மிதிவண்டி ஓட்டுநர்களுக்கு வாய்ப்பவை, அனுமதியின்றி நுழையலாகாத இக்காப்புக்காடுகளுக்கு வெளியே, தோட்டப்புறங்களை ஊடறுத்துச் செல்லும் செம்மண், சரளைப் பாதைகளே ஆகும்.

இப்பாதைகளில் காற்று இறுகிய டயர் விரைவாக ஓடும் என்று கருதுவது இயல்பே எனினும், நிகழ்வது அதற்கு மாறானது. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மீதும் வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்துத் தூக்கிப்போடுவதால், மிதிப்பவரின் ஆற்றலில் ஒரு பகுதி உடல் அதிர்வாகி வீணாகிறது. அழுத்தம் குறைந்த அகன்ற டயரோ கல்லைச் சுற்றி நெளிந்து, அதைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது.

டயர் தரையைத் தொடும் பரப்பு, அது தாங்கும் எடையை அழுத்தத்தால் வகுக்கக் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். பின்சக்கரம் 45 கிலோ தாங்கினால், 6 பார் (1 பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ) அழுத்தத்தில் அப்பரப்பு 7.5 சதுர சென்டிமீட்டராகவும், 3 பாரில் 15 ஆகவும் அமைவதால், பின்னதில் உதிரிக் கற்கள்மீது பிடிமானம் கூடுகிறது. எனினும் நெளியும் ரப்பர் வெப்பமாகவும் ஆற்றலை இழப்பதாலும், சக்கரவிளிம்பு கல்லில் மோதக்கூடும் என்பதாலும், அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தல் ஆகாது.