கொசுவுக்குள் ஒரு பெருநூல்

ஜவ்வாது மலையின் காவலூரில், சந்தன மரங்களுக்கு நடுவே வான்நோக்கிக் காத்திருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்ததில் இந்த மலைக்கும் பங்குண்டு. தொலைதூர விண்மீன் ஒன்றின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டதை இங்கிருந்த தொலைநோக்கியும் பதிவு செய்தது. அந்தச் சிறு மங்கலில் ஒரு மாபெரும் வளையம் தன்னைக் காட்டிக்கொண்டது!

அதே மலையில் அந்தி சாயும்போது நம் காதோரம் ஒரு ரீங்காரம் எழுகிறது. கொசுதானே என்று கையை ஓங்குகிறோம். அண்ணாந்து பார்த்து வியக்கத் தெரிந்த நமக்கு, அருகே பார்த்து வியக்கத் தெரியவில்லை.

நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சியைச் சற்றே உற்றுப் பார்ப்போம். அதன் முட்டை ஒரு குட்டித் தோணி. இருபுறமும் காற்று நிறைந்த மிதவைகள், அந்த மிதவைகளிலும் வரிவரியாய் மேடுகள். அந்த மேடுகளை எண்ணியே இக்கொசுவில் மூன்று வகைகளைப் பிரித்தறிகிறார்கள். ஆண் கொசு பூந்தேன் அருந்தி வாழ்கிறது. பெண்ணோ, தன் முட்டைகளை வளர்க்கவே ஆறு நுண்ணூசிகளால் குருதி தேடுகிறது.

இன்னும் உள்ளே போனால் மூன்றே இணைக் குரோமோசோம்கள். முட்டை வளரும் பருவத்துப் பெண் கொசுவின் சூலகச் செல்களில் அவை தடித்து நிற்கும். சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் கரும்பட்டையும் வெண்பட்டையும் மாறி மாறித் தெரியும். நான்கே வேதி எழுத்துகளால், சுமார் 24 கோடி இடங்களில் எழுதப்பட்ட பெருநூல் அது. ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் காம்பியே கொசுவின் மரபணுத் தொகுதியை 2002-இல் அறிவியலார் படித்தார்கள். 2022-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் ஸ்டீபன்சியின் மூன்று தொகுதிகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று நம் சென்னைக் கொசுவினுடையது. இரண்டாம் குரோமோசோமில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி சில கொசுக்களில் நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் அமைந்திருக்கிறது. மாறும் சூழலுக்கேற்ப வாழும் ஆற்றலுக்கும் அந்தப் புரட்டலுக்கும் தொடர்புண்டு என்கிறார்கள். கண்ணுக்குள் விழுந்தாலும் காணமுடியாத நூலிழையில் எத்தனை முன்யோசனை!

இந்தச் சிற்றுயிர் சுமக்கும் நோயால் எத்தனையோ வீடுகளில் விளக்கணைந்திருக்கிறது; அந்தத் துயரை எந்த வியப்பும் மறைத்துவிடக் கூடாது. ஆனால் வெறுப்பு மட்டுமே நம்மைக் காத்ததில்லை. 1897-இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ், கொசுவின் இரைப்பைச் சுவரைப் பொறுமையோடு ஆராய்ந்தபோதுதான் மலேரியாவின் வழி புலப்பட்டது. எந்தப் பூச்சிக்கொல்லியைக் கொசு வென்றிருக்கிறது, எந்த ஊரிலிருந்து எங்கே பரவியிருக்கிறது என்பதையெல்லாம் இன்று மரபணு வரைபடம் சொல்லத் தொடங்கியிருக்கிறது. மொட்டைமாடியில் நாம் மூடாமல் விட்ட தண்ணீர்த் தொட்டியில்தான் அது பெருகுகிறது என்பதோ, எந்த வரைபடமும் இல்லாமலே நமக்குத் தெரியும்.

படைப்பில் அற்பம் என்று ஒதுக்கத்தக்கது ஒன்றுமில்லை. நமக்குத் தீங்கு செய்வதையும் பணிவோடு படிக்கக் கற்றவர்களே அதன் தீங்கிலிருந்து பிறரைக் காக்கும் பேறு பெறுகிறார்கள்.