உங்களுக்குத் தெரியுமா? முகத்துக்கு முன்னே வந்த குரல்: பி.எச்.அப்துல் ஹமீத்

● பாட்டுப் போட்டி நடத்தும் தொகுப்பாளர்கள் இன்று சேனலுக்கு நாலு பேர். அந்த வேலையைத் தமிழில் ஒரு கலையாக்கிக் காட்டிய முன்னோடி சென்னைக்காரர் அல்லர், கொழும்புக்காரர். போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது 'உங்கள் அன்பு அறிவிப்பாளர்' என்று சொல்லிப் பாருங்கள். மீதியை அவர்களே முடிப்பார்கள்: 'பி.எச்.அப்துல் ஹமீத்!'

● கொழும்பில் பேசினால் கொங்கு நாட்டில் கேட்டது எப்படி? இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்கு ஆசியாவில் போரிட்ட தங்கள் படையினருக்காகப் பிரிட்டிஷார் இலங்கையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பிதான் அடித்தளம். போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது.

● நம் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கிவைத்தார். ரசிகர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபர் 3 அன்று சினிமாப் பாட்டு ஒலிபரப்பும் விவித் பாரதி தொடங்கிய பிறகும் பழக்கம் விட்டுப்போகவில்லை. இந்திக்காரர்களுக்கும் இதே கதைதான்: அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்த 'பினாகா கீத்மாலா' நாடாக்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இந்தியா முழுக்க ஒலித்தன.

● ஹமீத் பள்ளிப் பருவத்திலேயே இலங்கை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிக்குள் நுழைந்தவர். அறிவிப்பாளர் என்று மட்டும் அவரைத் தெரிந்தவர்கள் பலருக்கு அவர் தேர்ந்த வானொலி நடிகர் என்பது தெரியாது.

இலங்கையில் பெரும் வரவேற்பைப் பெற்ற நகைச்சுவைத் தொடர் ஒன்றில் நான்கு பேர் நான்கு விதத் தமிழ் பேசுவார்கள். எஸ்.ராம்தாஸ் மரைக்காராக முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் வெளுத்துக் கட்டுவார். டி.ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ். எஸ்.செல்வசேகரன் உபாலி என்ற சிங்களவராகக் கொச்சைத் தமிழ். நான்காமவர் ஐயர், அந்தப் பிராமணத் தமிழைப் பேசியவர்தான் அப்துல் ஹமீத்! இந்துவான ராம்தாஸ் மரைக்காராகவும் முஸ்லிமான ஹமீத் ஐயராகவும் பேச, நாடே சிரித்தது. எவ்வளவு அழகான காலம்! ஒருவர் பேச்சை இன்னொருவர் அவ்வளவு அன்போடு காதில் வாங்கியிருந்தால்தான் இது நடக்கும். அதே நால்வர் நடிக்க, 1976இல் 'கோமாளிகள்' என்ற படமும் இலங்கையில் வெளிவந்தது.

● அந்தக் காதின் பயன் கோடம்பாக்கத்துக்கும் கிடைத்தது. கே.எஸ்.ரவிகுமார் இயக்கிய 'தெனாலி' (2000) படத்தில் கமல்ஹாசன் பேசும் ஈழத் தமிழுக்குத் துணை நின்றவர் ஹமீத்.

● சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றும், இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்றும் தொடங்கின. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் ஹமீத் முகத்தோடு வந்தது, 1993 சித்திரை முதல் நாள் பிறந்த சன் டி.வி. வழியாக. வானொலியில் அவர் வளர்த்த 'பாட்டுக்குப் பாட்டு', 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்ற பெயரில் திரைக்கு வந்தது. இத்தனை ஆண்டு காதில் இருந்தவர் இவர்தானா என்று குடும்பமே டி.வி. முன்னால் உட்கார்ந்தது.

● விளையாட்டு எளிது. அவர் ஓர் எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் போட்டியாளர் பாட வேண்டும். 'க' என்றால் 'கா'வில் தொடங்கும் பாட்டு செல்லாது. பாட்டுப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூட அங்கே தடுமாறினார்கள். இந்தியில் அன்னு கபூர் நடத்திப் புகழ்பெற்ற 'அந்தாக்ஷரி' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. என் கணக்கில் ஹமீதின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. பாட மறந்து விழித்தவரை அவர் ஒருநாளும் கேலிப்பொருளாக்கவில்லை. ல, ள, ழ மூன்றும் அவர் வாயில் தனித்தனியாக நின்றன. நிகழ்ச்சி பார்த்த குழந்தைகள் குறில் நெடிலைப் பாடநூலுக்கு வெளியே கற்றார்கள்.

● 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்தில் ஹமீத் குடும்பத்தோடு கொல்லப்பட்டார் என்ற வதந்தி பரவி, தமிழ்நாட்டு ரசிகர்களைக் கலங்க வைத்தது. சமூக ஊடகக் காலத்திலும் அதே பொய்ச் செய்தி திரும்ப வந்தது. தான் நலமாக இருப்பதை அவரே காணொளியில் தோன்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. தன் வாழ்க்கையை அவர் எழுதிய நூலின் பெயர் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்'. வானொலியில் வளர்ந்த தலைமுறை வீட்டில் இருந்தால், அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள்.