டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் சிலர் மருந்தகத்துக்கு வந்து, "டிரசர் ஐயா, பிள்ளை டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது. எங்கே சேர்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பிள்ளை மூன்றாம் பாரம் படிக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

நான்காம் பாரத்தில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கூடுதல் கணிதம் ஆகிய பாடங்களை எடுக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. இதையும் மறக்காதீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வழி உண்டு. ஆறாம் பாரத்தில் ஒன்றரை ஆண்டு படித்து எஸ்.டி.பி.எம். எழுதலாம். அல்லது மெட்ரிகுலேஷன் படிக்கலாம். தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் வழியில், கோப்பேங்கிலேயே மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் எந்த இனத்துப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-ல் அரசாங்கம் அறிவித்தது.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு, போட்டி கடுமை. கெடாவில் 2001-ல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே சில லட்சம் வெள்ளி செலவாகும். மருத்துவப் படிப்பு பொதுவாக ஐந்தாண்டு. பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டாண்டு பயிற்சி டாக்டராக, இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும். 2016 முதல் புதிய டாக்டர்களை ஒப்பந்த முறையில்தான் எடுத்தார்கள். நிரந்தர வேலை கேட்டு 26.7.2021 அன்று பல ஆஸ்பத்திரிகளில் அவர்கள் வெளிநடப்பே செய்தார்கள். ஆகவே, பட்டம் வாங்கிய மறுநாளே காசு கொட்டும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள்.

வெளிநாட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று வரும் ஏஜெண்டுகளிடம் மிகக் கவனம் தேவை. உக்ரைன் நாட்டின் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நம் இந்தியப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அதன் அங்கீகாரத்தை நிறுத்துவதாக 2005-ல் அறிவிப்பு வந்தபோது எத்தனை வீட்டில் தூக்கம் போனது! இ.பி.எப். பணத்தை எடுக்கும் முன்பு, வீட்டை அடகு வைக்கும் முன்பு, அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று மன்றத்திடமே கேளுங்கள். ஏஜெண்டு காட்டும் தாளை நம்ப வேண்டாம்.

மாணவர்களே, ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ சேருங்கள். முதலுதவி பழகுங்கள். புண்ணைக் கழுவிக் கட்டும்போது முகம் சுளிக்காமல், வலியில் கத்துகிறவரிடம் கோபப்படாமல் இருக்க முடிகிறதா? முடிந்தால் இந்த வேலைக்கு வேண்டிய மனசு உங்களிடம் இருக்கிறது.

அந்த மனசு இருந்தும் மார்க்கு போதவில்லை என்றால் ஒடிந்து போகாதீர்கள். உலு கிந்தாவில் இருக்கும் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரியில் உதவி மருத்துவ அதிகாரிக்கான மூன்றாண்டு டிப்ளோமா படிக்கலாம். தாதியர் வேலை, ஆய்வுக்கூட வேலை, உடற்பயிற்சி சிகிச்சை என்று வேறு படிப்புகளும் உண்டு. நோயாளி முதலில் பார்ப்பது பல நேரங்களில் இவர்களைத்தான். அதனால் இந்த வேலைகளைக் குறைவாக எண்ணாதீர்கள்.

பெற்றோர்களே, மூன்றாம் பாரத்தில் பிள்ளை இருந்தால் இந்த வாரமே பள்ளிக்குப் போய் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். அறிவியல் பாடங்களுக்கு என்ன மார்க்கு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.